பேய் செய்தது... பழி சிறுவனுக்கு!



"பேய்க்கதை படிக்காதே, ராத்திரி தூக்கம் வராது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்டு. வகுப்பில் நானும் அப்படிச் சொன்னவன்தான். இப்போது என் எண்ணம் வேறு. நல்ல பேய்க்கதையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பேன். ஏன் தெரியுமா?

இங்கிலாந்து எழுத்தாளர் பெனிலோப் லைவ்லி எழுதிய நாவல் 'தி கோஸ்ட் ஆஃப் தாமஸ் கெம்ப்'. சிறுவர் நூல்களுக்கு அங்கே வழங்கப்படும் கார்னகி பதக்கத்தை 1973-ஆம் ஆண்டுக்காகப் பெற்ற நூல் இது.

ஜேம்ஸ் என்ற சிறுவனின் குடும்பம் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறது. அந்த வீட்டின் மாடி அறையைச் செப்பனிட்ட வேலையாட்கள் கையால் ஒரு பழைய புட்டி உடைந்துபோகிறது. அவ்வளவுதான்! அதில் அடைபட்டிருந்த தாமஸ் கெம்ப் என்ற மந்திரவாதியின் பேய் வெளியே வந்துவிடுகிறது. 17-ஆம் நூற்றாண்டுப் பேய் அது! ஜேம்ஸைத் தன் சீடனாக்கப் பார்க்கிறது. பொருட்களை உடைக்கிறது. பழங்கால ஆங்கிலத்தில் சீட்டு எழுதி வைக்கிறது. பக்கத்து வீட்டு மூதாட்டியைச் சூனியக்காரி என்று தூற்றுகிறது. பெரியவர்களோ பேயை நம்புவதில்லை. அதனால் எல்லாப் பழியும் ஜேம்ஸ் தலையில்!

உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பவில்லையே என்ற தவிப்பு இருக்கிறதே, அது பேயைவிடப் பயங்கரமானது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

ஒருநாள் வகுப்பில் சாக்பீஸ் பெட்டியைக் காணவில்லை. குறும்புக்காரன் என்று பெயரெடுத்த ஒரு மாணவனை வெளியே நிற்க வைத்தேன். "நான் எடுக்கலை சார்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் கேட்கவில்லை. மறுநாள் பெட்டி அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அவனிடம் "தப்பு என்னுடையது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

ஜேம்ஸ் சோர்ந்து போகவில்லை. தன் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். உங்கள்மேல் வீண்பழி விழுந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் தோழன் "நான் செய்யவில்லை" என்றால், முதலில் அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

பயமாக இருந்தால் என்ன செய்வது? பகலில் படியுங்கள். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுங்கள். புத்தகப் பேய் மூடினால் அடங்கிவிடும். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அக்காவையோ ஆசிரியரையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அவர்களும் படித்துவிடட்டும். இந்தக் கதை உங்களைவிடப் பெரியவர்களுக்குத்தான் அதிகம் தேவை!

தாமஸ் கெம்ப் கடைசியில் என்ன ஆனார்? ஊஹூம், அதை நான் சொல்லமாட்டேன். நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்!