டயர் வெடிப்பது தெய்வச் செயலா?

டயர் வெடித்து வண்டி கவிழ்ந்தது, இத்தனை பேர் மாண்டனர் என்ற செய்தி வராத வாரம் அபூர்வம். வாசிப்பவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லி, விதியை நொந்துகொண்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார்கள். டயர் ஏன் வெடித்தது, அதைக் கவனித்திருக்க வேண்டியவர் யார் என்று கேட்பார் இல்லை.

இந்த மனோபாவத்துக்குப் பம்பாய் ஹைக்கோர்ட் 2023-ம் ஆண்டில் அளித்த தீர்ப்பு ஒன்று சரியான விடை பகர்ந்திருக்கிறது. 2010-ல் புனேயிலிருந்து மும்பைக்குச் சென்ற கார் ஒன்றின் டயர் வெடித்து, அதில் பிரயாணம் செய்தவர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்தாருக்கு ஒன்றேகால் கோடி ரூபாய் நஷ்டஈடு வழங்குமாறு டிரிபியூனல் உத்தரவிட்டது. டயர் வெடித்தது தெய்வச் செயல், ஆகவே பணம் கொடுக்கக் கடமையில்லை என்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அப்பீல் செய்தது. மனித சக்திக்கு அடங்காத இயற்கை உற்பாதமே தெய்வச் செயலாகும். டயர் வெடிப்பதோ மனிதரின் அஜாக்கிரதையால் நேர்வது என்று கூறி ஹைக்கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு நியாயமானது என்பது மட்டுமல்ல, டயரின் தன்மையை அறிந்தவர் எவரும் வேறு முடிவுக்கு வர முடியாது என்பதும் நமது அபிப்பிராயம்.

காற்று மிகுந்தால்தான் டயர் வெடிக்கும் என்றும், கோடையில் காற்றைச் சிறிது குறைத்துவிடுவது நலம் என்றும் பலர் நம்புகிறார்கள். இது அபாயகரமான நம்பிக்கை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அதனால் உள்ளே உஷ்ணம் ஏறுகிறது. ரப்பரும் உள்ளிருக்கும் நூலும் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. அத்துடன் அதிக பாரமும், வேகமும், வெயிலில் காய்ந்த சாலையும் சேர்ந்துவிட்டால் கேட்கவும் வேண்டுமோ! எவ்வளவு காற்று வேண்டும் என்பதை வண்டியைச் செய்தவர்களே பெரும்பாலும் டிரைவர் பக்கத்துக் கதவருகே எழுதி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறையேனும், நெடும் பிரயாணத்துக்கு முன்பும், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்கலாகாது.

தேய்மானத்துக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தினுள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கின்றன. டயர் தேய்ந்து அவற்றுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். மழை நீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளமே. அது இல்லாத மொட்டை டயர் ஈரச் சாலையில் தண்ணீரின் மேல் வழுக்கிச் செல்லும். பிரேக் என்ன செய்ய முடியும்? தேயாத டயரும் முதுமை அடைகிறது. பக்கச் சுவரில் 2319 என்று கண்டால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று அறியலாம். பத்து வருஷம் கடந்த டயர், பார்வைக்குப் புதிதேயானாலும், வேண்டாம் என்பது உற்பத்தியாளர் பலரின் எச்சரிக்கை.

இவற்றைக் கவனிப்பது உயிருக்கு மட்டுமன்றிப் பணப்பைக்கும் நன்மையே. சரியான காற்றுள்ள டயர் சீராகத் தேயும், பெட்ரோலும் மிச்சமாகும். குறித்த காலத்தில் சக்கரங்களை இடம் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து வந்தால் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாக உழைக்கும்.

ஆனால் பொறுப்பு யாருடையது என்பதே முக்கியமான கேள்வி. சொந்தக் காரை ஓட்டுகிறவர் தம் டயரைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். கூலிக்கு ஓட்டும் டிரைவரின் நிலை என்ன? டயர் மாற்றும் பணம் முதலாளியுடையது. சக்கரத்தின் பின் அமர்ந்திருக்கும் உயிரோ டிரைவருடையது. இந்த டயர் ஆகாது என்று சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். விபத்து நேர்ந்தபின் முதலில் விலங்கு பூட்டப்படுவதும் அவன் கைக்கே. இது நீதியாகுமா?

விதி புத்தகத்தில் இருப்பதனால் மட்டும் பயனில்லை. தகுதிச் சான்று வாங்கும் நாளில் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாளே பழைய டயரை மாட்டினால் யாருக்குத் தெரியும்? ஆகவே நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் டயர்ச் சோதனை நடக்க வேண்டும். மொட்டை டயருக்கு அபராதம் விதிப்பதானால் வாடகை வண்டியின் உரிமையாளருக்கு விதிக்க வேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசம் என்ற நிபந்தனை உண்மையிலேயே நிறைவேறுகிறதா, அங்குள்ள அளவுமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்பதையும் அதிகாரிகள் அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். பொதுப் பணியில் ஈடுபட்டோரும் டிரைவர் சங்கத்தாரும் இதை வற்புறுத்த முன்வர வேண்டும்.

தடுக்கக்கூடிய மரணத்தைத் தெய்வத்தின் தலையில் சுமத்துவது பக்தியல்ல, பொறுப்பைத் தட்டிக்கழிப்பதேயாகும். நீதிமன்றம் அந்தச் சாக்கை ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டது. ஜனங்களும் இனி அதை ஒப்புக்கொள்ளலாகாது.