"யாராவது பார்த்திருப்பாங்க"



கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தால் கமெண்டில் திட்டுங்கள், பரவாயில்லை.

போன வாரம் என் அக்கா பையன் வந்திருந்தான். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை, கொஞ்சம் பிட்காயினும் வைத்திருக்கிறான். "பிட்காயின் கோர் புது வெர்ஷனை வெளியிடும் முன் ஆர்சி என்று சோதனைக்கு விடுகிறார்களே, நீ ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். சிரித்தான். "ஓப்பன் சோர்ஸ் மாமா அது. ஆயிரம் பேர் பார்த்திருப்பாங்க."

இந்த வசனம் எனக்குப் பழக்கம். ஒரு அரையாண்டுத் தேர்வு, கணக்கு வினாத்தாள். தயாரித்தவர் ஒருவர், சரிபார்த்தவர்கள் இருவர், மூன்று கையெழுத்து. முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 8 என்று அச்சாகி வந்தது. அப்படி ஒரு முக்கோணமே கிடையாது! பிள்ளைகள் அதோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார்கள். சரிபார்த்த இருவரில் ஒருவன் நான். அவர் பார்த்திருப்பார் என்று நான், நான் பார்த்திருப்பேன் என்று அவர்.

பிட்காயின் கோரிலும் இதேதான் நடந்தது. ஒரே காசை ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு முறை செலவழிக்கிறார்களா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. பிளாக்கைச் சரிபார்க்கும்போது வேகம் கிடைக்கட்டும் என்று அதை விட்டுவிட்டார்கள். வேறு இடத்தில் பிடிபடும் என்ற நம்பிக்கை. அது 2017 மார்ச்சில் 0.14 வெர்ஷனில் வெளிவந்தது. அதற்கு முன் ஆர்சிகளும் வந்துபோயின, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. 0.15-இல் இன்னும் மோசம்: இல்லாத காசை உண்டாக்கவே வழி திறந்தது. 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிட்காயின் வராது என்று எல்லோரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது! 2018 செப்டம்பர் 17 அன்று, அந்தக் குழுவைச் சேராத ஒருவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மறுநாளே 0.16.3 வந்தது. நல்லவேளை, அதற்குள் யாரும் பிட்காயினில் அதைப் பயன்படுத்திக் காசு அடிக்கவில்லை. ஒன்றரை வருஷம், ஆயிரம் கண்கள்.

"அதெல்லாம் நிபுணர் வேலை சார்" என்பீர்கள். இந்தப் பிழையைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். பட்டனை அழுத்திப் பார்ப்பவருக்கு இது சிக்கியிருக்காது. ஆனால் நிபுணரிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. எட்டு வருஷப் பழைய லேப்டாப், தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர், பாதியில் போகும் கரண்ட். (மின்வாரியம் இலவசமாகச் செய்துதரும் சோதனை!) வாலட்டுக்குத் தமிழில் பெயர் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, மறுபடி எழுந்திருக்கிறதா பாருங்கள். எந்த வெர்ஷன், எந்தக் கணினி, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று கிட்ஹப்பில் எழுதுங்கள். "வேலை செய்யலை" என்று மொட்டையாக எழுதினால் வகுப்பில் போட்ட மாதிரி பூஜ்யம்தான்.

ஒரு கண்டிப்பு. உங்கள் காசு இருக்கும் வாலட்டை ஆர்சியில் திறக்கவே கூடாது. டெஸ்ட்நெட், சிக்னெட் என்று தனி வலைகள் இருக்கின்றன, அங்கே புழங்கும் காசுக்கு மதிப்பு கிடையாது. அதில் உடையுங்கள்.

உடனே யாரும் எனக்கு போன் செய்து "எந்தக் காயின் வாங்கலாம் சார்" என்று கேட்காதீர்கள். என்னிடம் ஒன்றும் இல்லை, வாங்கச் சொல்லவும் இல்லை. வாங்கிவிட்டு, இலவசமாக உழைப்பவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, பிழை வந்தால் மட்டும் "யாருமே செக் பண்ணலையா?" என்று கத்துகிறவர்களைத்தான் சொல்கிறேன். நீ பண்ணினாயா தம்பி?

அடுத்த ஆர்சி வந்ததும் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் மருமகன். அக்காவிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன்.