பொதுக் கண்மாய்க்குத் தனியார் மடையா?

கண்மாய் நிறைந்துவிட்டது என்பதாலேயே திருச்சுழிக் கரிசலில் பயிர் பிழைத்துவிடாது. மடை யார் கையில் என்றும் கேட்டாக வேண்டும். கண்மாய் ஊருக்குப் பொது, மடை மட்டும் தனியாருக்கு என்றால், ஐப்பசியில் பெய்த மழை யாருக்குப் பெய்த மழை?

கம்ப்யூட்டர் உலகிலும் இதே வழக்குத்தான். 2007இல் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நாட்டுக்குத் தந்தது. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பொதுக் கண்மாய்! ஆனால், ஜாவா மொழியில் எழுதிய மென்பொருள் தானாக ஓடாது. அதை ஓட்டுவதற்கு 'ரன்டைம்' என்ற இன்னொரு மென்பொருள் அடியிலே வேண்டும். அதுதான் மடை.

அந்த மடை அமெரிக்காவின் சன் கம்பெனியிடம் இருந்தது. காசு கேட்கவில்லை, உண்மை. திருத்தி வழங்கும் உரிமையைத்தான் தரவில்லை. இது பொறி என்று 2004இல் ரிச்சர்டு ஸ்டால்மன் எச்சரித்தார். பாஸுக்கு மூலமான டெபியனின் தொண்டர்களோ, சன் ஜாவாவை வீட்டுக்குள் விடாமல் 'சுதந்திரமற்றவை' என்ற திண்ணையில் உட்கார வைத்தனர். வெறும் பிடிவாதமா அது? 2006 நவம்பரில் சன் இறங்கி வந்தது. 2007இல் ஓபன்ஜேடிகே பிறந்தது.

2010இல் சன்னை ஆரக்கிள் விழுங்கிற்று. திறந்த பதிப்புக்கும் அது உழைக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் 2023 ஜனவரியில் தன் சொந்தப் பதிப்புக்கு அது வகுத்த சந்தாமுறையைப் பாருங்கள்: ஜாவாவைத் தொடுபவர் எத்தனை பேர் என்பதல்ல, கம்பெனியில் வேலை செய்பவர் எத்தனை பேர் என்பதே கணக்கு! அருப்புக்கோட்டையில் 500 பேர் உழைக்கும் நூற்பாலை ஒன்று இந்தச் சந்தாவில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் முன் உட்காருபவர் ஐந்து பேர். சந்தாவோ கழிவுப்பஞ்சு கூட்டும் அம்மாளுக்கும், வாசல் காவலாளிக்கும் சேர்த்து. தலைக்கு மாதம் 15 டாலர் என்பது அன்றைய பட்டியல் விலை. ஆக, மாதம் 7,500 டாலர்! இந்தச் சுமை கடைசியில் யார் கூலியிலே விடியும் என்று தோழர்களுக்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஓபன்ஜேடிகேயும் அதே வேலையைச் செய்கிறது, சந்தா இல்லாமல். ஆகவே நகராட்சிக்கோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பொதுப்பணத்தில் மென்பொருள் வாங்கும்போது, அது சுதந்திர ரன்டைமில் ஓடிக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதுக. "லினக்ஸ் போட்டுவிட்டோம்" என்ற பதில் போதாது. அடியிலே ஓடுவது எது, அதன் உரிமம் யாருடையது என்பதையும் அதிகாரிகள் சொல்லட்டும்.