விற்பனையா? வாடகையா?

கடையில் ஒரு சைக்கிள் வாங்குகிறோம். பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். பத்து ஆண்டு கழித்துக் கடைக்காரர் வந்து, "இனி இந்தச் சைக்கிள் ஓடாது" என்று பூட்டுப் போடுகிறார். சும்மா விடுவோமா?

கம்ப்யூட்டர் விளையாட்டில் இப்படித்தான் நடந்தது.

பிரான்சு நாட்டு யூபிசாப்ட் கம்பெனி, 2014 டிசம்பரில் "தி க்ரூ" என்ற கார் பந்தய விளையாட்டை வெளியிட்டது. தனியாக விளையாடுவதற்கும் இன்டர்நெட் மூலம் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு தொடர்பு வேண்டும். 2024 மார்ச் 31-ந் தேதியோடு கம்பெனி அந்தத் தொடர்பைத் துண்டித்தது. விளையாட்டும் நின்றது. காசு கொடுத்து வாங்கிய தட்டு கையில் இருந்தும் பயன் இல்லை!

"நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியைத்தான்" என்பது கம்பெனியின் வாதம்.

கம்ப்யூட்டர்களை என்றென்றும் ஓட்ட முடியாது. அது நியாயம். ஆனால், மூடும்போது தனியாக விளையாடவாவது வழி செய்யலாமே! அது முடியாத காரியமா? எதிர்ப்பு கிளம்பிய பிறகு, "தி க்ரூ 2" விளையாட்டுக்கு அந்த வசதி தருவதாக 2024 செப்டம்பரில் இதே கம்பெனி அறிவித்தது.

அனுமதியை மட்டும் விற்பவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. வாங்கியவர்களைக் காக்கச் சட்டம் கேட்டு, ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு விளையாட்டு வாங்குமுன், "இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா?" என்று கேளுங்கள்.

கம்பெனிக்காரர்களே! விற்றால், விற்றதுதான். வாடகை என்றால், வாடகை என்றே சொல்லுங்கள்.