பாலமாகும் விடுமுறை முன்பே தெரியட்டும்

2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் திங்களை விடுமுறையாக்கிய தமிழக அரசு, நவம்பர் 18 சனிக்கிழமையைப் பணி நாளாக்கியது. 2024இல் வியாழனன்று தீபாவளி. வெள்ளிக்கு விடுமுறை, நவம்பர் 9 சனிக்கிழமை ஈடு. இரண்டு முடிவுகளும் சரியானவை. ஆனால் இவற்றை ஆண்டு விடுமுறைப் பட்டியலிலேயே சேர்த்திருக்கலாம். அந்தப் பட்டியல் வெளியாகும்போதே தீபாவளியின் கிழமை தெரிந்துவிடுகிறது. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் அறிவிப்பால் சென்னையிலிருந்து ஊர் திரும்புகிறவருக்கு மிஞ்சுவது காத்திருப்போர் பட்டியலும் ஆம்னி பேருந்துக் கட்டணமும்தான்.

ரம்ஜான், பக்ரீத் பிறை பார்த்து மாறுமே என்பார்கள். உண்மை, அவற்றுக்குத் திருத்தம் தேவை, தீபாவளிக்கு அது பொருந்தாது. மழை, புயல் விடுமுறையும் வேறு. தனியார் ஊழியருக்கு முன்கூட்டியே அறிவிப்பதால் என்ன பயன் என்ற கேள்வி இன்னும் வலுவானது. தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்வது நான்கு தேசிய விடுமுறைகளையும் ஐந்து பண்டிகை விடுமுறைகளையும்தான். அரசின் கூடுதல் நாள் அந்த நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பள்ளி மூடினால் பெற்றோருக்கும் விடுப்பு தேவைப்படும், அதை நாள் கடந்து கேட்டால் எந்த மேலாளர் தருவார்? கடைசி நேர அறிவிப்பு ஆட்சியாளருக்குக் கைதட்டல் வாங்கித் தரலாம் (எந்தக் கட்சி ஆண்டாலும்). அடுத்த ஆண்டுப் பட்டியலிலாவது கூடுதல் விடுமுறையையும் ஈடு சனிக்கிழமையையும் சேர்த்தே அரசு வெளியிட வேண்டும்.