வெளிநாட்டில் கட்டிய வரி இங்கே கழியவில்லையா?

அமெரிக்கப் பங்குகளுக்கு வரும் டிவிடெண்டில் 25 சதவீதத்தை அங்கேயே பிடித்துக்கொள்கிறார்கள். அதைக் கழித்து இங்கே ரிட்டர்ன் போட்டால், பெங்களூரு மையம் அனுப்பும் 143(1) அறிவிப்பில் கழிவு பூஜ்யம். பாக்கியைக் கட்டச் சொல்லி டிமாண்ட் வேறு. முதலில் படிவம் 67 போட்டாச்சா என்று பாருங்கள். ரிட்டர்னில் எஃப்.எஸ்.ஐ., டி.ஆர். அட்டவணைகளை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். தொகைகளும் அட்டவணைகளோடு ஒத்துப்போக வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் போட்டால் போதும் என்று 2022-இல் விதி 128-ஐத் தளர்த்தினார்கள். படிவம் தாமதமானது என்பதற்காகக் கழிவை மறுக்க முடியாது என 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதன் பிறகும் ஒரே வருமானத்துக்கு இரண்டு தடவை வரி கேட்பது என்ன நியாயம்? டிமாண்ட் வந்தவர்கள் பதறிக் கட்டிவிடாமல், படிவத்தைப் போட்டுவிட்டு 154-ஆவது பிரிவில் திருத்தம் கோரலாம்.