நம்பிக்கைக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டை வங்கியில் ஈடு வைத்திருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள்.

வீட்டுக்கடன் தவணை மூன்று நான்கு மாதம் பிந்தினால் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். "வங்கிக்காரன் ஏலம் போடமுதல் காசுள்ள ஒருவரைப் பிடி. கடனை அவர் கட்டட்டும். உறுதியை அவர் பெயருக்கு எழுதிக் கொடு. காசு வந்ததும் திருப்பி எழுதலாம். எல்லாம் ஒரு நம்பிக்கைதானே!" சோனகதெருவிலும் இதுதான் பேச்சு, சாவகச்சேரியிலும் இதுதான் பேச்சு.

நாங்கள் சொல்கிறோம்: ஏலத்தைவிட மோசமான வழி இது.

வங்கியில் வைத்தது ஈடு. ஈட்டில் இருக்கும் வீடு இன்னும் உங்களுடையது. கடனைக் கட்டினால் ஈடு நீங்கும். ஏலத்தில் போனால்கூட முதலும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் காசு உங்களுக்குரியது. அறுதி உறுதி அப்படியல்ல, அது விற்பனை. ஒரு கோடி பெறுமதியான வீட்டை 30 இலட்சம் கடனுக்காக எழுதிக் கொடுத்தால் மிச்ச 70 இலட்சமும் கூடவே போகிறது. எழுதும்போது முத்திரை வரி, திருப்பி எழுதினால் மறுபடியும் முத்திரை வரி.

"திருப்பித் தருவேன்" என்ற வாய்ப்பேச்சு? காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தைப் பிடித்து வழக்காடலாம், வென்றவர்களும் உண்டு. ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும். நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். தவணை குறித்து நிபந்தனை உறுதி எழுதியிருந்தாலும், அந்தத் திகதி தப்பினால் வீடு தப்புவது கடினம்.

இன்னொரு விசயம் எங்கள் சமூகத்துக்கு. வங்கி வட்டி ஹராம், ஆகவே இது மேல் என்று சிலர் வாதிடுகிறார்கள். 30 இலட்சம் கொடுத்தவர் ஒரு வருடத்தில் 40 இலட்சம் தந்தால் திருப்பி எழுதுவேன் என்கிறார். அந்த 10 இலட்சத்துக்கு என்ன பெயர்? காசு திரும்பினால் பொருளும் திரும்பும் என்ற நிபந்தனையோடு விற்பதை பைஉல் வஃபா என்பார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992இல் ஜித்தாவில் கூடியபோதே, இது உண்மையில் இலாபம் தரும் கடன், கூடாது என்று முடிவு சொல்லிவிட்டது. உறுதியில் "விற்பனை" என்று எழுதிவிட்டால் வட்டி ஹலாலாகிவிடுமா?

"வட்டிக்கு எடுத்தவனுக்கு இது வேணும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபரில் வெறுங்கையோடு துரத்தப்பட்டவர்கள், போர் முடிந்து திரும்பி வந்து, கூரையில்லாத சுவர்களுக்குள் எப்படி வீடு கட்டியிருப்பார்கள்? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவரின் தவணை ஏறியது, சம்பளம் ஏறவில்லை. அவரா குற்றவாளி? கஷ்டத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

சரி, வேறு என்னதான் செய்வது? வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காலம் உண்டு.

முதல் தவணை தப்பும் முன்பே வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க, சில மாதம் வட்டியை மட்டும் கட்ட, நிலுவையை முதலோடு சேர்த்து மீள் அட்டவணைப்படுத்தக் கேட்கலாம். வாயால் கேட்டது கணக்கில் வராது. எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். விளங்காத ஆங்கிலத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

கிளை காது கொடுக்காவிட்டால் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, இலக்கம் 1935. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம்.

கட்டவே முடியாது என்று தெரிந்தால் ஏலத்துக்கு முன் நீங்களே விலை பேசுங்கள். ஆறு பரப்பு வளவில் இரண்டு பரப்பை விற்று வீட்டைக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். வங்கியின் சம்மதத்தோடு, வாங்குபவரின் காசை நேரே கடனுக்குக் கட்டி ஈட்டை நீக்கலாம். ஊர் விலை வேறு, ஏல விலை வேறு.

பராட்டே என்றதும் பலருக்கு நடுக்கம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் அது. நீதிமன்றம் போகாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மேல் வங்கி ஏலம் போடலாம். பொருளாதார நெருக்கடியால் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31உடன் முடிந்தது. ஆனால் 2011 திருத்தத்தின்படி, வாங்கிய முதல் 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இந்தச் சட்டத்தைப் பாவிக்க முடியாது. வங்கி வழக்குத்தான் போட வேண்டும். பல கடன் இருந்தால் சேர்த்துப் பார்ப்பார்கள். இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் தனிச் சட்டங்கள் உண்டு என்பதால் உங்கள் கடன் எதற்குள் வருகிறது என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். தீர்மானத்துக்குப் பிறகும் கதை முடியவில்லை. ஏலத் திகதியைக் குறைந்தது 14 நாட்களுக்கு முன் வர்த்தமானியில் போட வேண்டும். அந்தத் திகதிக்கு முன் நிலுவை முழுவதையும் செலவோடு கட்டினால் விற்க முடியாது. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் ஏலம் நிற்காது. இருக்கிற நாட்கள்தான் வீணாகும்.

வங்கிகளிடமும் கேட்கிறோம். கடன் கொடுக்கும்போது வீடு தேடி வந்த உங்களுக்கு, தவணை தப்பியவரை உட்காரவைத்து இந்த வழிகளைத் தமிழில் சொல்ல ஏன் நேரமில்லை? வட்டி ஏறும்போது உடனே வரும் கடிதம், இறங்கும்போது ஏன் பிந்துகிறது?

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் கேட்கிறோம். ஸகாத் பெறத் தகுதியான எட்டுப் பிரிவினரில் கடனாளியும் ஒருவர். வீடு போகும் நிலையில் உள்ள குடும்பத்துக்கு மூன்று மாதத் தவணையைக் கட்டிவிட்டால், வங்கியோடு பேச அவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். வருடா வருடம் பங்கிடும் தொகையில் இதற்கு ஒரு பங்கு ஒதுக்க முடியாதா?

ஆசிரியர்களான நாங்கள் எத்தனையோ பேருக்குப் பிணை நின்று கையெழுத்து வைத்தவர்கள். ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பது பெரிய வேலையல்ல. வெட்கப்படாமல் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். யாராவது உறுதியை நீட்டி "நம்பிக்கைக்கு" என்று கையெழுத்துக் கேட்டால், அன்றைக்கு மட்டும் பேனையைத் தொடாதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.